கம்பி மூடியில் சிக்கிய சைக்கிள்: மனு போட்ட கதை

மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். சேலம் குகைப் பகுதியிலிருந்து தினமும் நடந்து போனவள் அவள்.

மூன்றாவது வாரமே விழுந்துவிட்டாள். ரோட்டோரம் மழைத்தண்ணீர் இறங்கும் இரும்பு மூடியில், கம்பிகள் வண்டி போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. முன்சக்கரம் உள்ளே இறங்கி, முட்டியில் நாலு தையல்.

நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவன், அளவு பார்க்காமல் பேச வராது. மறுநாளே ஸ்கேலோடு போனேன். கம்பிக்கும் கம்பிக்கும் 5 செ.மீ. இடைவெளி, டயரோ மூன்றரை. பள்ளி வரைக்கும் எண்ணினால் அப்படி 11 மூடி! காலையில் அந்த வழியில் சைக்கிளில் போவது யார்? தறிக்குப் போகிறவர்கள், பட்டறைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள். கார் டயருக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது.

ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “அண்ணா, ரோடு எங்களுது இல்லைங்க” என்றார்கள். இன்னொன்றில், “ரோடுதாங்க எங்களுது, சாக்கடை அவங்களுது.” இப்படியே ஒரு மாதம் ஓடியது.

பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். மூடிமேல் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவையும் இணைத்தேன். கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள், அந்த எண் இல்லாமல் அடுத்த தடவை பேசவே முடியாது. ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று அதில் இல்லை.

வேலை நடந்தது தகவல் உரிமைச் சட்டத்தால்தான். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரே கேள்வி கேட்டேன்: இந்த மூடிகளைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு? 30 நாள் கெடு. 27ஆம் நாள் பதில் வந்தது. அந்தத் தாளை நீட்டியதும் யாரும் கையை விரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் ஆள் வந்து குறுக்கே பட்டை வைத்து வெல்டிங் அடித்தார்கள். 11இல் 7 முடிந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாலு பாக்கி. அதற்கும் மனு எழுதிவிட்டேன், வரும் திங்கள் கொடுக்க வேண்டும். அதுவரை மகள் அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறாள்.