மிதித்தவன் களைத்துவிட்டான்

பௌதிகம் படிப்பித்த எங்கள் சேர் போய்விட்டார் என்ற செய்தி வந்ததும் பள்ளிக்கூட மலர்க்குழு ஓர் இரங்கல் குறிப்புக் கேட்டது. அலகு போடாத விடைக்கு அவர் புள்ளி போட்டதில்லை. ஆகவே அளவுகளோடே எழுதுகிறேன்.

1990 ஜூனில் படையினருக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியதோடு யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடை, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. ஜாம் போத்தல் விளக்கை யாருக்கும் விளக்கத் தேவையில்லை; சேர் அதைப் பாடமாக்கியதைத்தான் சொல்லவேண்டும். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கே எண்ணெய். தேங்கினால், தட்டுப்பட்டு விழும் போத்தல் பாயையும் கொப்பியையும் சேர்த்தே எரிக்கும். சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரி, அதை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கம்பி. திரி நெல்மணியளவுக்கு மேல் நீண்டால் கூடுவது புகைதான். காற்றுப் போதாமல் காபன் எரியாமல் மிஞ்சும். காலையில் எங்கள் மூக்குத் துவாரங்களைப் பார்த்தே முதல்நாள் இரவு திரியைக் கூட்டியவன் யாரென்று சொல்லிவிடுவார்.

குண்டு போட வந்த சகடை, பொம்மர் விமானங்கள், மாரியில் பங்கருக்குள் தவளையோடு நின்றது எல்லாம் உங்களுக்கும் பாடம். கலத்தின் மின்னழுத்தத்தை நீண்ட கம்பியொன்றில் ஒப்பிட்டு அளக்கும் அழுத்தமானிக்கு வருகிறேன்.

கம்பி, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கல்வனோமானி, கம்பியைத் தொடும் சாவி எல்லாம் ஆய்வுகூட அலுமாரியில் இருந்தன. மாறாத மின்னோட்டம்தான் இல்லை. சேமிப்புக் கலத்தை மின்னேற்ற வழியில்லை. சேர் சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினார். பின்சில்லில் ஆறு வோல்ற்று டைனமோ, நான்கு டயோட்டு, ஒரு கொள்ளளவி. இதே ஏற்பாட்டில்தான் ஊரெல்லாம் ரேடியோ பாடியது. வோல்ற்றளவு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாட்டுக் கேட்கும். அழுத்தமானி அப்படி விட்டுக்கொடுக்காது. கம்பியின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் அழுத்தவீழ்ச்சி அசையாமல் நிற்கவேண்டும். மிதி தளர்ந்தால் சமநிலைப் புள்ளி ஊர்ந்துபோகும். முள் பூச்சியத்துக்கு வந்ததென்று நீளத்தைப் பார்க்கக் குனிந்து நிமிர்ந்தால், முள் வேறிடத்தில். மூன்று பேர் மாறி மாறி மிதித்தோம்.

கடைசியில் பழைய செய்முறைக் கொப்பியொன்றின் வாசிப்புகளைக் கரும்பலகையில் எழுதி, "பாத்து எழுதுங்கோ பிள்ளையள்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. 'பிழைக்கான காரணங்கள்' என்பதன் கீழ் மட்டும் எங்கள் சொந்த வசனம்: மிதித்தவன் களைத்துவிட்டான். அதற்கு அவர் புள்ளி வெட்டவில்லை.

ஏ.எல் (உயர்தர) சோதனைக்கு அது போதும். பரிசோதனையைக் கையால் செய்த கொழும்புப் பிள்ளைகளுக்கும் அதே வினாத்தாள்தான். வரைபு கீறினோம், சாய்வு கண்டோம். கிளாலிக் கடல்நீரேரி கடந்து, பிறகு கடலும் கடந்து, வேறோர் ஆய்வுகூடத்தில் நின்றபோதுதான் குறை தெரிந்தது. சூத்திரம் தலைகீழாகத் தெரியும். சாவியைக் கம்பியில் இழுத்துத் தேய்க்கக்கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும் என்பது கைக்குத் தெரியாது. போரில் பள்ளிக்கூடம் இழந்ததைக் கணக்கெடுப்பவர்கள் கூரையையும் சுவரையும் எண்ணுகிறார்கள். இந்தக் கைப்பழக்கம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாள், நாவற்குழிப் பாலம். அந்த நெரிசலில் சேரின் சைக்கிள் காரியரில், சாரத்தால் சுற்றியபடி கல்வனோமானி. பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் வகுப்பறைகளில் குடும்பங்கள் படுத்திருக்க, மரத்தடியில் பாடம் எடுத்தார். அடுத்த ஆண்டு திரும்பிப்போய் அதைப் பழைய அலுமாரியிலேயே வைத்தாராம். நாங்கள் அப்போது கொழும்பில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றோம்.

மின்சாரம் திரும்ப வந்ததும் அவர் முதலில் செய்துகாட்டியது அழுத்தமானிதானாம். மிதிக்க ஆள் தேவைப்படவில்லை.