அன்னக்கூடையும் வெந்நீரும்

ஜூன் 8, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்து, இன்றைக்கு எழுதியே விடுகிறேன். காலையில் வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டால் கீறுவது போல் ஒரு வலி. கழுவும்போது இரண்டு சொட்டு பச்சை ரத்தம். எழுந்து வந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிச்சல் அடங்குவதில்லை. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே பெயர், மூலம். அத்தையிடம்கூட இடுப்பு வலி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் காலை ஏழரைக்குக் குடிக்கிற காபியோடு சரி, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு வந்துதான் தண்ணீர். பதினோரு வருடமாக இப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கடைத்தெருவில் "மூலத்துக்கு" என்று கேட்டு ஒரு பொடி வாங்கிப் போட்டேன். பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரை இலை வாசனை தூக்கலாக அடித்தது. ராத்திரி போட்டு, விடிவதற்குள் நாலு தடவை பேதி. புண்ணின் மேல் மிளகாய் அரைத்துப் பூசினது போல இருந்தது. நீடாமங்கலத்திலிருந்து பள்ளிவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

ஜூன் 14, சனி

அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வலங்கைமான் வழியாகக் கும்பகோணம். மேட்டூர் 12-ஆம் தேதியே திறந்தாச்சு, தண்ணீர்தான் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. வழியெல்லாம் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

ஆயுர்வேத டாக்டர் ஒரு பெண். "இப்ப விரல் விட்டுப் பாக்க மாட்டேன்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி, விலக்கி மட்டும் பார்த்தார். மூலம் இல்லையாம். ஆசனவாயில், முதுகுத்தண்டுப் பக்கமாக ஒரு வெடிப்பு. முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்த இடத்தில்தான் வருமாம். சம்ஸ்கிருதத்தில் பரிகர்த்திகா, அதாவது சுற்றிலும் கத்தரிக்கிற வலி என்று பெயர். பொடி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பேதி மருந்தை அளவு மீறிக் கொடுத்தால் வருகிற கேடுகளில் ஒன்றாகத்தான் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலேயே இதைச் சொல்லியிருக்கிறதாம். புண்ணுக்கு மருந்து என்று நினைத்து நான் புண்ணைத்தான் பெரிதாக்கியிருக்கிறேன்.

புண் ஏன் ஆறுவதில்லை என்பதையும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வலியில் உள்ளே இருக்கிற இறுக்குத் தசை தானாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத புண் ஆறாது. அதற்குள் மறுநாள் காலை கெட்டியாகப் போய் மறுபடி கிழியும். தசை தளர்வதற்கு வெந்நீர், மலம் இளகுவதற்குத் தண்ணீரும் கீரையும். மீதி எல்லாம் துணை மருந்துதான் என்றார்.

எனக்கு 43 வயது. ரத்தம் போனதால் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரையும் பார்த்துவிடச் சொன்னார். தன் மருந்தே போதும் என்று சொல்லாதது எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது.

ஜூன் 17, செவ்வாய்

தஞ்சாவூர் போய் அறுவை சிகிச்சை டாக்டரையும் பார்த்தாயிற்று. அவரும் வெடிப்பு என்றே சொன்னார். தசையைத் தளர்த்துகிற டில்டியாசெம் களிம்பு எழுதிக் கொடுத்து, ஆறு எட்டு வாரத்தில் ஆறாவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார். ஆயுர்வேத மருந்துகளைக் காட்டினேன், சேர்த்துச் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பூச வேண்டாம் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. ஐந்தரைக்கு எழுந்ததும் இரண்டு டம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீர். மாமாவின் முழங்காலுக்காகக் கட்டின வெஸ்டர்ன் கழிப்பறைதான் எங்கள் வீட்டில். காலுக்குக் கீழே சாப்பாட்டு மணையைப் போட்டு, கொஞ்சம் குனிந்து உட்காருகிறேன். முக்குவது கிடையாது.

பிறகு கொல்லையில், அரிசி களைகிற அன்னக்கூடை மாதிரியே புதிதாக ஒன்று வாங்கி, அதில் வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு பொறுக்கிற அளவுக்கு விளாவி, பதினைந்து நிமிடம் இடுப்பு நனைய உட்கார வேண்டும். முதல் இரண்டு நிமிடம் சுருக்கென்று இருக்கும். அப்புறம் முடிச்சு அவிழ்வது போல உள்ளே ஏதோ தளர்வது நன்றாகத் தெரியும். ராத்திரியும் ஒரு தடவை.

துடைத்துவிட்டு ஜாத்யாதி தைலம் இரண்டு சொட்டு. ஜாதிக்காய் சேர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, ஜாதிமல்லி இலை. கூடவே வேப்பிலை, மஞ்சள், அதிமதுரம் எல்லாம் போட்டுக் காய்ச்சின எண்ணெய். களிம்பு சாயங்காலம் தனியாக. படுக்கும்போது திரிபலா ஒரு ஸ்பூன். கடுக்காயும் நெல்லியும் தான்றியும் சமமாகச் சேர்ந்த பொடி, துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்தேன். "ஏம்மா, மூணாவது பொறந்தப்ப எனக்கும் இதே கீறல்தான். யாருகிட்ட சொல்ல முடிஞ்சுது?" என்றார்கள். அன்றிலிருந்து தினம் கீரைத்தண்டோ வாழைத்தண்டோ இலையில் இருக்கிறது. ராத்திரிக்கு ஒரு பூவன் பழம், பாலில் அரை ஸ்பூன் நெய். வத்தக்குழம்பு மட்டும் எனக்கு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

வலி பாதிக்குக் கீழே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மயிலாடுதுறையில் கல்யாணம். இரண்டு நாள் அலைச்சலில் தண்ணீர் குடிக்கவில்லை, அன்னக்கூடையும் இல்லை. இன்று காலை கெட்டியாகப் போய் மறுபடி ரத்தம். அழுதேன். கும்பகோணம் டாக்டருக்குப் போன் செய்தேன். "புண்ணு புதுசுங்கிறதால சீக்கிரம் ஒட்டும், இன்னைக்கே வெந்நீர்ல உக்காருங்க" என்றார்.

ஜூலை 24, வியாழன்

பதினைந்து நாளாக ரத்தம் இல்லை. பள்ளிக்கு ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துப் போகிறேன். தாழ்ப்பாளை நானே வாங்கி, ஊர் ஆசாரியை வைத்து மாட்டிவிட்டேன். இதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சனிக்கிழமை கும்பகோணம் டாக்டர் பார்த்தார். வெடிப்பு மூடிவிட்டது, ஓரத்தில் சின்னதாக ஒரு தோல் மடிப்பு மட்டும், அதனால் தொந்தரவு இல்லை என்றார். திரிபலாவை நிறுத்தச் சொல்லிவிட்டார். தண்ணீரும் கீரையும் எப்போதைக்கும்.

ஞாயிறு ஆடிப்பெருக்கு. ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் வெண்ணாறு கரை தொட்டு ஓடியது. தேங்காய் சாதமும் புளி சாதமும் கட்டிக்கொண்டு போய், படித்துறைக் கல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெறும் கல்லில்.

இன்று எட்டாம் வகுப்பில் மத்தியானம் பெண் பிள்ளைகளின் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தேன். பதினாறு பாட்டில், பதினாறும் நிறைய. கதவில் தாழ்ப்பாள் போட்டாச்சு என்று சொன்னேன். ஒருத்தி எழுந்து, "உள் பக்கமா டீச்சர்?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.