"அதால இல்ல" எண்டு சொன்னது

"நான் வாங்கிக் குடுத்த குளிசையாலயா டொக்டர் உம்மாக்கு இப்பிடி ஆனது?" எண்டு அந்த மகள் கேட்ட உடனே "இல்லம்மா, அதால இல்ல" எண்டு சொல்லிட்டன். நிண்டு யோசிக்கவே இல்ல. இப்பவும் அந்தப் பதில்லதான் மனசு போய் நிக்குது.

உம்மா கிண்ணியாவில இருந்து வந்தவ, சுகர் இருக்கு, சலத்தில எரிவு, பிறகு நடுக்கத்தோட காய்ச்சல், வரேக்க பிரஷரும் விழுந்திட்டு. வீட்டில என்ன குடுத்தீங்க எண்டு கேட்க மகள் ஹேண்ட்பேக்கில இருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துத் தந்தா. கத்தரிக்கோலால வெட்டினது, பின்பக்க வெள்ளித்தாளில "சிப்ரோ" வரைக்கும்தான் வாசிக்கலாம், மிச்சப் பேர் கடையிலயே நிண்டுட்டு. சிப்ரோஃப்ளொக்சசின் எண்ட அன்டிபயோட்டிக். போன முறை எரிவுக்கும் இதுதானாம், அதுக்கு முதலும் இதுதானாம். டொக்டரிட மருந்துத் துண்டு இல்லாம அன்டிபயோட்டிக் விக்கக் கூடாது எண்டுதான் சட்டம். ஆனா ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஓபிடி லைன்ல நிக்கிறதை விட கடைக்குப் போறது லேசு, அவவை நான் எப்பிடிக் குறை சொல்றது.

என்ன கிருமி எண்டு வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துட்டு, செஃப்ட்ரியாக்சோன் எண்ட அன்டிபயோட்டிக் ஊசியைத் தொடங்கினம். அடுத்த நாள் லாப்ல இருந்து கோல், போத்தல்ல கிராம் நெகட்டிவ் வகைக் கிருமி வளருது எண்டு. எந்த மருந்து கேக்கும் எண்டு தெரிய இன்னும் ஒரு நாள் வேணும், காய்ச்சலும் விடேல்ல. ரிப்போர்ட் வந்தா ஈ.கோலை எண்ட குடல் கிருமி, அதுவும் ஈஎஸ்பிஎல், கன அன்டிபயோட்டிக்கை உடைக்கிற என்சைம் உள்ள வகை. "ஆர்" எண்டா மருந்து கேக்காது, "எஸ்" எண்டா கேக்கும். செஃப்ட்ரியாக்சோன் ஆர், சிப்ரோ ஆர், கோ-அமொக்சிக்கிளாவ் ஆர், அப்பிடியே கீழ வரைக்கும் ஆர். பிப்-டாசோ, மெரோபெனம் எண்ட ரெண்டு ஊசி மருந்துக்கும் மட்டும் எஸ். 2018ல வந்த மெரினோ ஆய்வில, இந்த மாதிரி இரத்தத் தொற்றுக்கு பிப்-டாசோ குடுத்தவையில 12.3 வீதமும் மெரோபெனம் குடுத்தவையில 3.7 வீதமும் 30 நாளுக்குள்ள இறந்தவை, அதால கன்சல்டன்ட் மெரோபெனம்தான் எண்டுட்டார்.

அந்த ஊசி ஏறிக்கொண்டு இருக்கேக்கதான் மகள் கேட்டது.

நான் சொன்னது பொய்யும் இல்ல. ஈஎஸ்பிஎல் கிருமி ஒரு நோவும் காட்டாம எத்தினையோ பேரிட குடலில இருக்கு, சாப்பாட்டால வரும், தண்ணியால வரும், ஆஸ்பத்திரியிலயே ஒட்டும், எங்க இருந்து வந்தது எண்டு ஆரால சொல்லேலும்? ஆனா முழு உண்மையும் இல்ல. சிப்ரோ குடிக்கக் குடிக்க அதுக்குச் சாகிற கிருமி எல்லாம் செத்து, சாகாதது இடம் பிடிக்கும். சிப்ரோவையும் செஃப்ட்ரியாக்சோனையும் தாங்க உதவுற மரபணுக்கள் பிளாஸ்மிட் எண்ட ஒரே சின்ன டிஎன்ஏ வளையத்தில சேர்ந்தும் இருக்கலாம், அது ஒரு கிருமியில இருந்து மற்றதுக்குப் போகும். இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் "அதால இல்ல" எண்டன். உம்மா தப்புவாவோ எண்டு தெரியாம நிக்கிற பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்றது?

உம்மா தப்பிட்டா. வீட்டுக்குப் போற அண்டைக்கு மகள் ஒரு சின்னக் கொப்பியை நீட்டி, "அந்த நல்ல மருந்திட பேரை எழுதித் தாங்க டொக்டர், அடுத்த முறை முதலே அதை வாங்கலாம்" எண்டா. எனக்குப் பக்கெண்டு போச்சு. அது ஊசி மருந்து, கடையில வாங்கிக் குடிக்கிறது இல்ல, எரிவு வந்தா முதல்ல சலத்தைக் கல்ச்சருக்குக் குடுங்க எண்டு இருத்தி வச்சு விளங்கப்படுத்தினன். தலையாட்டினா. ஆனா அதால இல்ல எண்டு நானே சொன்ன பிறகு இதை ஏன் அவ நம்பவேணும்?

பிறகு இன்னொரு அம்மாட மகன் இதே கேள்வியைக் கேட்க "அதாலயும் இருக்கலாம் தம்பி" எண்டன். மிச்சம் ஒண்டும் அவன்ட காதில ஏறேல்ல, "அப்ப நான்தானா" எண்டு அதையே திருப்பிச் சொன்னான். கடைக்காரர், நாங்க யோசிக்காம எழுதுற துண்டு, கோழிக்கு அன்டிபயோட்டிக் குடுக்கிற பண்ணை எண்டு எல்லாருக்கும் பங்கிருக்கிற விஷயத்தை ஒரு பிள்ளையிட தலையில வைக்கிறது அநியாயம். வருத்தம் சுகமாகி வீட்டுக்குப் போகேக்க சொல்லுவம் எண்டு இப்ப வச்சிருக்கிறன், ஆனா சுகமாகாத ஆக்களிட பிள்ளையளுக்கு எப்ப சொல்றது?