பிள்ளைகள் குடிமக்கள், நாங்கள் விசாவில்: வேலை போனபின் கடந்து வந்த வழி

அமெரிக்காவில் பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களை யாரும் கிளம்பச் சொல்ல முடியாது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, இங்கே பல வருடமாக இருப்பவர்களிடமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் என் கணவருக்கு வேலை போன செய்தி தெரிந்ததும் ஈரோட்டிலிருந்து அத்தை போனில் சொன்னதும் அதுதான். "பொண்ணும் பையனும் அந்த ஊர்ப் பிரஜைங்க. உங்கள எப்படிக் கண்ணு போகச் சொல்லுவாங்க?"

சொல்லலாம். சட்டம் அதற்கு முழுக்க இடம் கொடுக்கிறது. இதே நிலையில் இருக்கும் நம் குடும்பங்கள் நிறைய. அதனால்தான் நாங்கள் கடந்து வந்ததை விவரமாக எழுதுகிறேன்.

டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில். நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில், தனியாக வேலை அனுமதி வாங்கி ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. மகள் 2017-லும் மகன் 2021-லும் இங்கேயே பிறந்தவர்கள். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு எப்போதோ ஒப்புதலாகிவிட்டது, வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட் 2016. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை நகர்வதே அபூர்வம். 2023 அக்டோபருக்கான விசா புல்லட்டின் என்ற மாத அறிவிப்பில் எங்கள் இ.பி.-2 பிரிவு 2012 ஜனவரி 1-ல் நின்றது, அதாவது அதற்கு முந்தைய தேதிக்காரர்களுக்கே முறை வந்திருந்தது. வேலை இருக்கும்வரை அந்த வரிசையில் காத்திருக்கலாம், விசாவையும் நீட்டித்துக்கொண்டே போகலாம். வேலை போனால் 60 நாள்தான் இங்கே இருக்கலாம். எதுவரை தங்கலாம் என்று நுழையும்போது பதியும் ஐ-94-ல் உள்ள தேதி அதற்கு முன்னால் முடிந்தால் அதுவரைதான். அவருடைய ஸ்டேட்டஸைச் சார்ந்ததுதான் என்னுடையதும் என் வேலை அனுமதியும். ஒரு வேலை போனால் இரண்டு சம்பளமும் போய்விடும்.

நிறுவனம் கொடுத்த கடிதத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்று அறிவிப்பு கொடுத்த நாள், மற்றது சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் கடைசி நாள். அதன் பிறகு கொடுக்கும் இழப்பீட்டுத் தொகை எத்தனை மாதத்துக்கானதாக இருந்தாலும் 60 நாள் கணக்கை அது நீட்டிக்காது. எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதைக் கடிதம் கையில் வந்த அன்றே வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞருடன் பேசியது ஒரு மணி நேரம். ஐ-94, கடைசி எச்-1பி ஒப்புதல் நோட்டீஸ், ஐ-140 நோட்டீஸ், சம்பள ரசீதுகள் என்று வரிசையாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை நான் தனி உறையில் எடுத்து வைத்திருந்தேன். கடைசிவரை அவர் அதைக் கேட்கவே இல்லை. நானே எடுத்து நீட்டிய பிறகுதான் பொறுமையாக விளக்கினார். அரசியலமைப்பின் 14-வது திருத்தம் பிள்ளைக்குத் தரும் குடியுரிமை பிள்ளையோடு நிற்கிறது. பிள்ளை பெற்றோருக்குக் கிரீன் கார்டு மனு போட 21 வயது ஆக வேண்டும். எங்கள் மகளுக்கு அது 2038-ல். அப்போதும் அவள் அமெரிக்காவில் குடியிருக்க வேண்டும், வறுமைக்கோட்டு அளவீட்டில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும், அல்லது அதைக் காட்டக்கூடிய இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு விஷயத்தையும் கேட்டேன்: 10 வருடம் இருந்து, இங்கே பிறந்த பிள்ளையும் இருந்தால் கிரீன் கார்டு கிடைத்துவிடும் என்பது. அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது நாடு கடத்தும் வழக்கில் குடியேற்ற நீதிபதி முன்னால் நிற்பவர்கள் கேட்கும் நிவாரணம். 10 வருடத் தொடர் வசிப்பும் நன்னடத்தையும் போதாது. தான் வெளியேற்றப்பட்டால் பிள்ளைக்கு வழக்கத்துக்கு மிஞ்சிய, மிகக் கடுமையான துன்பம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். பெற்றோரைப் பிரிவதால் பிள்ளை படும் சாதாரண வேதனையை அதில் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்துக்கு 4,000 பேர் என்ற உச்சவரம்பு வேறு. 'சாதாரண வேதனை' என்று அவர் சொன்ன இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தையை ஒரு நாடு தன் குடிமகள் என்கிறது. அவளை யார் வளர்ப்பது என்பதை அதே சட்டம் இவ்வளவு குறைவாக மதிப்பது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கெடு தாண்டியும் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் 10 வருடத் தடை. தடைக்கு விலக்கு கேட்கும்போது குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி, தாய், தந்தை ஆகியோரின் துன்பத்தைத்தான் பார்ப்பார்கள். பிள்ளையின் துன்பம் அதில் நேரடியாகச் சேராது.

எங்களுக்கு மிஞ்சிய வழிகளில் முதலாவது, 60 நாளுக்குள் வேறு நிறுவனம் எச்-1பி மனு போடுவது. ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டியிருந்ததால் பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் 2016 என்ற தேதி எங்களுடையதே. புதிய இடத்தில் எச்-1பிக்கான வருடாந்திரக் குலுக்கல் இல்லாமல் மூன்று வருட எச்-1பி கேட்கலாம். வழக்கறிஞரிடம் கேட்டதிலேயே எனக்கு மூச்சு வந்தது இந்த இடத்தில்தான். கல்லூரியில் சேர்ந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதை உடனே ஒதுக்கினோம். செலவு ஒரு பக்கம், கிரீன் கார்டு மனு போட்டவர் படித்து முடித்துத் திரும்பிவிடுவேன் என்று நம்ப வைப்பது இன்னொரு பக்கம். கட்டாயச் சூழ்நிலைக்கான ஒரு வருட வேலை அனுமதி என்றும் ஒன்று உண்டு. 2023 ஜூனில் வந்த விளக்கத்தில் வீட்டை விற்க நேர்வது, பிள்ளைகளின் படிப்பு தடைபடுவது போன்றவற்றையும் பரிசீலிப்போம் என்றிருந்தார்கள். ஆனால் அதில் வேலை செய்தால் எச்-1பி ஸ்டேட்டஸ் போய்விடும் என்பதால் வேண்டாம் என்றார் கணவர்.

வேலைச் சந்தை அந்த இலையுதிர்காலத்தில் படுத்துக் கிடந்தது. நேர்காணல்கள் நடக்கும், ஆளெடுப்பை நிறுத்திவிட்டோம் என்று பதில் வரும். கெடு முடிவதற்குள் பி-2 பார்வையாளர் நிலைக்கு மாற ஐ-539 என்ற விண்ணப்பம் போட்டோம். பி-2-ல் இருந்தபடி வேலை தேடலாம், நேர்காணலுக்குப் போகலாம், வேலையில் சேரத்தான் முடியாது என்று குடியேற்றத் துறை அதே ஆண்டு தெளிவாகச் சொல்லியிருந்தது. விண்ணப்பத்தில் கணவர் பெயர், இணைப்புப் படிவத்தில் என் பெயர், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அதில் வேலையே இல்லை.

பிள்ளைகளின் குடியுரிமை கைகொடுத்த இடம் ஒன்று உண்டு: மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் காப்பீடு முடிந்த பிறகு மகனுக்குக் காதில் சீழ் பிடித்து இரவெல்லாம் அழுதான். வருமானம் இல்லாத நிலையில், குடிமக்களான பிள்ளைகளுக்கு மெடிக்கெய்டு, சிப் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் உண்டு. 'யுவர் டெக்சஸ் பெனிஃபிட்ஸ்' என்ற மாநில அரசுத் தளத்தில் விண்ணப்பித்தேன். பிறப்புச் சான்றிதழை அங்கேதான் கேட்டார்கள். பிள்ளைகள் வாங்கும் உதவி பின்னால் நம் கிரீன் கார்டைப் பாதிக்குமோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 2022 விதிப்படி, குடும்பத்தில் மற்றவர் பெறும் உதவி விண்ணப்பதாரர் கணக்கில் வராது. வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே நானும் போட்டேன். நீங்கள் போடும் நாளில் என்ன விதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஒரு நிறுவனம் வேலை கொடுத்து மனுவும் போட்டது. மனு ஒப்புதலானது, ஆனால் கெடு தாண்டிப் போட்டதால் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எச்-1பிக்கு மாற முடியவில்லை. சென்னை சென்று பாஸ்போர்ட்டில் விசா வாங்கும் ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப வேண்டும்.

பிள்ளைகள் இந்தியாவுக்குள் வர அவர்களுக்கு அனுமதி வேண்டும் என்பதை இந்த அவசரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டில் வரும் பிள்ளைக்கு விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ கட்டாயம். எங்கள் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஓ.சி.ஐ. வாங்கியிருந்தோம். 16 வயதுக்குட்பட்டவர்களின் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும். மகளின் புதிய பாஸ்போர்ட் விவரத்தையும் புகைப்படத்தையும் ஓ.சி.ஐ. தளத்தில் ஏற்றினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. அந்தப் பாஸ்போர்ட் எடுக்கத் தாய், தந்தை இருவரும் நேரில் நிற்க வேண்டும், ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். வேலை நிலையாக இருக்கும்போதே இவற்றை முடித்து வைப்பது நல்லது.

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். வெளியே மாமனார் பிள்ளைகளோடு நின்றார். என்னை அரித்த பயம் ஒன்றுதான்: எங்கள் விசா கூடுதல் பரிசீலனை என்று தொங்கிவிட்டால் பிள்ளைகள் எந்த நாளும் விமானம் ஏறலாம், கூட்டிப் போகத்தான் எங்களால் முடியாது. அதனால் டாலஸில் இருக்கும் என் சித்தி மகளுக்கு, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவம் சம்பந்தமாக முடிவெடுக்க அதிகாரம் தரும் பத்திரத்தைக் கிளம்பும் முன்பே நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தோம். தேவைப்படவில்லை. அதிகாரி புதிய வேலையைப் பற்றிக் கணவரிடம் கேட்டார், என்னிடம் திருமணச் சான்றிதழ் கேட்டார், விசா கிடைத்தது.

டாலஸில் இறங்கியதும் இருவரின் ஐ-94-ஐயும் இணையத்தில் எடுத்துத் தேதி சரிபார்த்தோம். நம் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவது உண்டு. விசாவில் உள்ள தேதியை நம்பி இருந்துவிடக் கூடாது. புதிய நிறுவனம் கிரீன் கார்டுக்கான முதல் படியான பெர்ம் வேலையைத் தொடங்கியிருக்கிறது, 2016 தேதி அதிலும் கூடவே வரும். பழைய ஐ-140-ஐ வைத்து என் வேலை அனுமதிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், ரசீது வந்துவிட்டது. அனுமதி வந்ததும் அதே மழலையர் பள்ளியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.