ஸ்பெக்ட் வேரிலிருந்து ஆங்கிலச் சொற்களைப் பிடிப்பது எப்படி?

மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். சுத்தமாகத் தெரியாத சொல்லை யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்த சொல்தான் மதிப்பெண்ணைக் கழிக்கிறது. அதனால் அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே வேரில் பிறந்த சொற்களைச் சேர்த்துப் படிப்பது நல்லது. ஸ்பெக்ட் வேரிலிருந்து தொடங்குங்கள்.

இது 'பார்' என்று பொருள்படும் லத்தீன் வேர். முன்னால் ஒட்டும் துண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று காட்டும். இன்ஸ்பெக்ட், உள்ளே பார்ப்பது. ரெட்ராஸ்பெக்ட், பின்னோக்கிப் பார்ப்பது. ப்ராஸ்பெக்ட், முன்னோக்கிப் பார்ப்பது, அதாவது வருங்கால வாய்ப்பு. சர்கம்ஸ்பெக்ட், சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர். எதிர்ச்சொல் கேட்டால் ரெக்லெஸ் அல்லது ராஷ். எக்ஸ்பெக்ட் நமக்கு எளிது. எதிர்பார், சரிபார், மேற்பார்வை என்று தமிழும் இப்படித்தானே சொல் கட்டுகிறது.

சில சொற்களில் இந்த வேர் 'ஸ்பிக்' என்று உருமாறும். கான்ஸ்பிக்யுவஸ் என்றால் பளிச்சென்று கண்ணில் படுவது. டெஸ்பிகபிள் என்றால் கீழாகப் பார்க்கத்தக்க, இழிவான. ஆஸ்பிஷியஸில் இருப்பது பறவையைப் பார்ப்பது: ரோமானியப் பூசாரிகள் பறவைகள் பறப்பதைப் பார்த்துச் சகுனம் சொன்னார்கள். பழந்தமிழில் 'புள்' என்றால் பறவையும் சகுனமும் என்பது தெரிந்தவர்களுக்கு இது மறக்காது.

வேர் தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். ப்ராஸ்பெக்டிவ், பெர்ஸ்பெக்டிவ் இரண்டும் கோடிட்ட இடத்துக்கான விடைகளில் சேர்ந்தே வரலாம். ப்ராஸ்பெக்டிவ் பெயரடை, வாங்கக்கூடியவர், வேலைக்கு எடுக்கக்கூடியவர் என்று அடுத்து ஒரு பெயர்ச்சொல் நிற்கும். பெர்ஸ்பெக்டிவ் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே வரும், பார்க்கும் கோணம். கோடிட்ட இடத்துக்கு முன்னால் 'ஃப்ரம் எ' இருந்து, பின்னால் பெயர்ச்சொல் இல்லையென்றால் பெர்ஸ்பெக்டிவ்தான். ரெஸ்பெக்ட்ஃபுல் மரியாதை கொடுப்பவர், ரெஸ்பெக்டபிள் மரியாதைக்கு உரியவர், ரெஸ்பெக்டிவ் அவரவருடைய, ரெஸ்பெக்டிவ்லி முறையே. பெர்ஸ்பிகேஷியஸ் கூர்மையாகப் புரிந்துகொள்ளும் ஆளைச் சொல்வது. பெர்ஸ்பிக்யுவஸ் தெளிவான எழுத்தையோ பேச்சையோ சொல்வது.

தமிழ் வழியில் யோசிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் சஸ்பெக்ட். சஸ்பெக்ட், டவுட் இரண்டுக்குமே 'சந்தேகப்படு' என்று குறித்துவைத்திருப்பார்கள். ஆனால் அடுத்து 'தட்' வரும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி இஸ் கில்ட்டி' என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன். 'ஐ டவுட் தட் ஹி இஸ் கில்ட்டி' என்றால் அவன் செய்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். குறிப்பேட்டில் சஸ்பெக்டுக்கு 'இருக்கும் என்று ஐயம்', டவுட்டுக்கு 'இருக்காது என்று ஐயம்' என மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர்மேல் திருட்டுச் சந்தேகம் என்றால் சஸ்பெக்டுக்குப் பின் 'ஆஃப்' வரும், 'ஃபார்' வராது. இன்ஸ்பெக்டுக்கோ எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம். 'இன்ஸ்பெக்டட் இன்டு' என்று பார்த்தால் பிழை அங்கேதான்.

தமிழ் மொழிபெயர்ப்பு கவிழ்க்கும் இன்னொரு சொல் ரெட்ராஸ்பெக்டிவ். அரசாணையில் இதை 'முன்தேதியிட்டு' என்கிறோம். அந்த 'முன்'னைப் பார்த்து வருங்காலம் என்று குறித்துவிடாதீர்கள். கடந்துபோன தேதியிலிருந்தே செல்லும் என்பதுதான் பொருள்.

ஓர் அமர்வுக்கு ஆறு சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் பொருள், சேரும் முன்னிடைச்சொல், எதிர்ச்சொல், சொந்த வாக்கியம் ஒன்று. வாக்கியம் எழுதாத சொல் கோடிட்ட இடத்தில் கைகொடுக்காது. குழப்பும் ஜோடிகளை ஒரே நாளில் படிக்க வேண்டாம். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து மற்றதைச் சேருங்கள். மறுவாசிப்பில் ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட்டுத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போங்கள். எதிர்த்திசையில் போனால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

இந்தக் குடும்பம் போலத் தோன்றினாலும் அதில் சேராத சில சொற்களும் உண்டு. ஸ்பீஷியஸ் இந்த வேர்தான்: பார்வைக்குச் சரி, உள்ளே பொய்யான வாதம். ஸ்பேஷியஸ் இடவசதியுள்ளது, வேறு வேர். எக்ஸ்பெக்டரன்ட்டை எக்ஸ்பெக்டின் உறவு என்று நினைத்து 'எதிர்பார்ப்பவர்' என்று குறிக்க ஆசை வரும். அதன் வேர் மார்பைக் குறிக்கும் பெக்டஸ். இருமல் மருந்துப் புட்டியில் பார்த்திருப்பீர்கள், சளியை வெளியே கொண்டுவரும் மருந்து.