மூட்டு முகங்கள் நோக்கும் திசை

பிறக்கும்போது மனிதரின் முதுகெலும்புத் தொடரில் பொதுவாக 33 முள்ளெலும்புகள் உள்ளன: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழுள்ள திரிகத்தில் 5, வாலெலும்பில் பெரும்பாலும் 4. வளர்ச்சியில் கடைசி இரண்டு தொகுதிகளும் தனித்தனியே ஒன்றிணைந்துவிடுவதால், பெரியவர்களிடம் 26 எலும்புகளே எஞ்சுகின்றன. பாடநூல்கள் இந்த எண்ணிக்கையை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன; என்னை ஈர்ப்பதோ, ஒரே அமைப்பு இடத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதுதான்.

முள்ளெலும்பின் முன்பகுதிக்கு ‘உடல்’ என்று பெயர்; எடையைத் தாங்குவது அதுதான். பின்பகுதியான வளைவு தண்டுவடத்தைச் சூழ்ந்து காக்கிறது. வளைவிலிருந்து பின்னோக்கி ஒரு முள் நீட்சியும், பக்கவாட்டில் இரண்டு குறுக்கு நீட்சிகளும், மேலும் கீழுமாக நான்கு மூட்டு நீட்சிகளும் கிளம்புகின்றன. முதுகின் நடுவே விரலுக்குத் தட்டுப்படுபவை முள் நீட்சிகளின் நுனிகள்.

அசைவைப் பெரிதும் தீர்மானிப்பவை மூட்டு நீட்சிகளே. மார்புப் பகுதியில் அவற்றின் முகங்கள், அதாவது அடுத்த எலும்புடன் பொருந்தும் பரப்புகள், ஏறத்தாழ முன்னும் பின்னும் நோக்குவதால் உடலைத் திருப்ப முடிகிறது. குனிவதையும் நிமிர்வதையும் விலா எலும்புகள் கட்டுப்படுத்துகின்றன. இடுப்பு முள்ளெலும்புகளில் மூட்டு முகங்கள் உள்ளும் வெளியுமாக நோக்குவதால் குனிவது எளிது, திரும்புவது மிகக் குறைவு. இடுப்பைத் திருப்புவதாக நாம் எண்ணும் அசைவின் பெரும்பகுதி, உண்மையில் மார்பு முள்ளெலும்புகளிலும் தொடையெலும்பு மூட்டுகளிலும் நிகழ்கிறது.

கழுத்து முள்ளெலும்புகளின் குறுக்கு நீட்சிகளில் துளைகள் உண்டு. ஆறாவதிலிருந்து மேல்நோக்கி அவற்றின் வழியே முள்ளெலும்புத் தமனி மூளைக்குச் செல்கிறது. இவற்றில் மிக விசித்திரமானது முதலாவதான அட்லஸ். அதற்கு உடலே இல்லை, வெறும் வளையம்தான். கருவளர்ச்சியின்போது அதன் உடலாக வேண்டிய பகுதி, அடுத்த எலும்பான ஆக்சிஸுடன் இணைந்து, பல் போன்ற முளையாக மேலே நீண்டுவிடுகிறது. தலையை இடமும் வலமும் திருப்பும்போது, மண்டையோட்டைச் சுமந்த அட்லஸ் அந்த முளையை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது.

கீழே செல்லச் செல்ல, தாங்கவேண்டிய எடை கூடுவதால் முள்ளெலும்பின் உடல் பருக்கிறது. ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் உடலே மிகப் பெரியது. தண்டுவடமோ அவ்வளவு தூரம் வருவதில்லை. பெரியவர்களிடம் அது பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் திரவத்தில் மிதந்தபடி இறங்குகின்றன. தண்டுவடத் திரவத்தை எடுக்க மருத்துவர்கள் மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்கு ஒரு படி கீழோ ஊசியைச் செலுத்துவது இதனால்தான்.