அம்மா கட்டில் பக்கத்துல எழுதுறது

பிப்ரவரி 20, 2024

ஜெபம் வரல. முழங்கால் போட்டா வார்த்தையே கிடைக்கல, "ஆண்டவரே"ன்னு சொல்லிட்டு அப்படியே கட்டில் ஓரத்துல தலைய சாச்சிடுறேன். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து இப்படித்தான் போகுது. மூளையோட இடது பக்கம் பாதிச்சதுல வலது கை கால் அசையல, பேச்சும் போயிடுச்சு. படுக்கைப்புண் வந்துடக்கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியும்தான், அலாரம் வச்சு எந்திரிச்சு போன் டார்ச் அடிச்சு இடுப்புல குதிகால்ல எங்கயாவது சிவந்திருக்கான்னு பாத்து, முதுகுக்கு தலகாணி முட்டுக் குடுத்துட்டு திரும்பப் படுத்தா தூக்கம் வராது.

பாக்க வர்றவங்க நிறைய பேர் பைபிள்ல எரேமியா 29:11 சொல்லிட்டுப் போறாங்க. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சரி, அந்த அதிகாரம் முழுசையும் படிப்போம்னு இன்னைக்கு உக்காந்தேன். அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்துலயே 70 வருஷம்னு இருக்கு! அந்தக் கடிதத்த கேட்ட பெரியவங்கள்ல எத்தன பேர் உயிரோட ஊர் திரும்பியிருப்பாங்க? அவங்ககிட்டதான் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு கர்த்தர் சொல்றாரு. சீக்கிரம் சரியாயிடும்னு சொல்ற வசனமா இதக் கேட்டப்போ மனசுல ஒட்டல, இப்போ ஒட்டுது.

மார்ச் 3

ஆராதனை முடிஞ்சதும் ஒருத்தர் வந்து, விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா இந்நேரம் உங்கம்மா எழுந்து நடந்திருப்பாங்கன்னு சொன்னாரு. எனக்கு பதில் சொல்லத் தெம்பில்ல, வீட்டுக்கு வந்து யோபு புஸ்தகத்த எடுத்தேன். எல்லாத்தையும் இழந்து நோயில கிடந்த யோபுவப் பாக்க வந்த சிநேகிதங்க மொதல்ல ஏழு நாள் ராப்பகலா ஒண்ணும் பேசாம அவரோட தரையில உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் எவ்வளவு நல்ல மனுஷங்க! வாய் திறந்ததும்தான் எல்லாம் கெட்டுது. தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினது அவங்கதான், ஆனா கடைசில 42ஆம் அதிகாரத்துல, யோபு பேசினதுபோல நீங்க என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசலன்னு தேவன் கோபப்பட்டது அவங்க மேலதான். யோபு என்னெல்லாம் பேசியிருக்காரு, பிறந்த நாளையே சபிச்சவரு. ஆனா அத்தனையையும் தேவன் முகத்தப் பாத்தே கேட்டாரு, அவர விட்டுட்டு வேற எங்கயும் போகல.

நம்ம சபைகள்ல சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குறோம், புலம்புறதுக்கு ஒதுக்குறதில்ல. எனக்கு இது பெரிய குறையாவே படுது. சங்கீத புஸ்தகத்துல புலம்பல் அவ்வளவு இருக்கு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், அதுல மொத ரெண்டு வசனத்துலயே நாலு தடவ "எதுவரைக்கும்". 88ல கடைசி வரைக்கும் ஒரு வெளிச்சமும் வர்றதில்ல. இன்னைக்கு ராத்திரி 88ஐ அப்படியே வாசிச்சேன், என்னோட ஜெபமா.

மார்ச் 12

இத எழுதும்போது கை நடுங்குது. அம்மாவால தண்ணி வேணும்னு கேக்க முடியாது, என் பேரு சொல்ல வராது. நேத்து ராத்திரி புரட்டிப் போட்டுட்டு அவங்க கையப் பிடிச்சு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிச்சேன், அசதில நின்னுட்டேன். அம்மா தொடர்ந்தாங்க! "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக"ன்னு, குழறலாத்தான், ஆனா வார்த்தை வார்த்தையா. "அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை" வரைக்கும் வந்துட்டு கண்ண மூடிட்டாங்க.

ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட கேட்டேன். அஃபேசியாவுல, அதாவது மூளை பாதிச்சு பேச்சு போற நிலையில, இது நடக்கிறதுதானாம். புதுசா வாக்கியம் அமைச்சுப் பேசுறதுக்கு இடது மூளையோட பேச்சுப் பகுதி ரொம்ப முக்கியம், ஆனா சின்ன வயசுல இருந்து சொல்லிப் பழகின ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது இதெல்லாம் சில பேருக்குத் தப்பிச்சு நிக்குமாம், அதனால பேச்சு திரும்பிடுச்சுன்னு நினைச்சுடாதீங்கன்னும் சொன்னாங்க. காரணம் தெரிஞ்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்த வழியையும் வச்சது ஆண்டவர்தானே.

சொந்த வார்த்தை இல்லாம போனது அம்மாவுக்கும்தான், எனக்கும்தான். அம்மா கத்துக்கிட்ட வார்த்தைய வச்சு ஜெபிக்கிறாங்க. நானும் அப்படியே செய்யலாம்ல? அதுவும் வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கு, ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுறாராம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சபைக்குப் போக முடியல, போன்ல கேட்டேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". இது 22ஆம் சங்கீதத்தோட மொத வசனம்னு எத்தனையோ தடவ கேட்டதுதான். இன்னைக்குத்தான் உறைச்சுது, உயிர் போற வேதனையில இயேசுவே தாவீதோட வார்த்தையத்தான் எடுத்து ஜெபிக்கிறாரு. அழுதேன், நல்ல அழுகை.

ஏப்ரல் 11

சபையில இருந்து ஒரு அக்கா வந்து "நான் இருக்கேன், நீ போய்த் தூங்கும்மா"ன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ "போதும் கர்த்தாவே"ன்னு சாகக் கேட்டுட்டுப் படுத்தப்போ தூதன் பிரசங்கம் பண்ணல, எழுப்பி சாப்பிட வச்சாரு, தண்ணி குடுத்தாரு, திரும்பத் தூங்க விட்டாரு. ரெண்டாவது தடவ எழுப்பினப்போதான் பிரயாணம் வெகுதூரம்னு சொல்றாரு. உங்களுக்குத் தெரிஞ்ச வீட்ல யாராவது இப்படிப் படுக்கையில இருந்தா வசனம் அனுப்புங்க, வேண்டாங்கல, கூடவே ஒரு ராத்திரி போய் புரட்டிப் போடுற வேலையையும் வாங்கிக்கோங்க.

அம்மா இன்னும் என் பேர சொல்லல. இப்போ தினமும் சாயங்காலம் 23ஆம் சங்கீதத்த மொத பாதி நான் சொல்றேன், மிச்சத்த அவங்க பிடிக்கப் பாக்குறாங்க. சில நாள் வருது, சில நாள் வரல.